வீக்கம் வத்திடுச்சு, வலி ஏன் வத்தல? வலியும் நோய் எதிர்ப்பு செல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தர்மபுரியில பிசியோதெரபி பாக்கறேன். முட்டி, இடுப்பு, தோள்பட்டைன்னு வர்றவங்க கேக்குற கேள்விங்களை ஒரே எடத்துல போட்டு வெச்சா நல்லாருக்கும்னு எழுதினது இது. மருந்து எழுதி குடுக்கறது என் வேலை இல்லைங்க, அதனால இதை படிச்சிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ புதுசா ஆரம்பிக்கவோ வேண்டாம், டாக்டர்கிட்ட போனா என்ன கேக்கணும்னு தெரிஞ்சா போதும்.

வலின்னா நரம்பு சமாச்சாரம் தானேங்க, இதுல வெள்ளை அணுவுக்கு என்ன வேலை?

சேதியை மூளைக்கு கொண்டு போறது நரம்பு தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா எவ்வளவு பலமா கொண்டு போகணும், எத்தனை நாளைக்கு கொண்டு போகணும்ங்கறதுல நரம்பை சுத்தி உக்காந்திருக்கற நோய் எதிர்ப்பு செல்லுங்களுக்கு (இம்யூன் செல்னு சொல்றதும் இதை தான், வெள்ளை அணுவும் இதுல சேர்த்தி) பெரிய பங்கு இருக்கு. அழற்சின்னா சிவப்பு, வீக்கம், சூடு, வலி நாலும் சேர்ந்து தான் வரும்னு ரோம்ல செல்சஸ்னு ஒருத்தர் ஏறக்குறைய 2000 வருஷம் முன்னாடியே எழுதிட்டார், ஆனா ஏன் சேர்ந்து வருதுன்னு செல் அளவுல புரிஞ்சது 20-ஆம் நூற்றாண்டுல தான். இங்க நான் திரும்ப திரும்ப சொல்லப் போறது ஒண்ணே ஒண்ணு: வலியை கிளப்பி விடறதும் இந்த செல்லுங்க தான், அடக்கி வைக்கறதும் இதே செல்லுங்க தான், அதனால உங்க வலி இப்போ எந்த கட்டத்துல இருக்குன்னு தெரியாம மாத்திரை போடறது கண்ணை கட்டிக்கிட்டு போடறது தான்.

அடிபட்ட உடனே உள்ள என்ன தான் நடக்குது?

ஒகேனக்கல்ல பாறை வழுக்கி கணுக்கால் பிசகிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. முதல் சில நிமிஷத்துல வேலைய ஆரம்பிக்கறது மாஸ்ட் செல். இது ரத்தக்குழாய் பக்கத்துலயும் நரம்பு நுனி பக்கத்துலயும் எப்பவும் இருக்கற செல்லு, உள்ள பொடிப்பொடியா நெறைய மணி இருக்கும், அது வெடிச்சு ஹிஸ்டமின், டிரிப்டேஸ் எல்லாம் வெளிய கொட்டும். ரத்தக்குழாய் விரியும், நீர் கசியும், கண்ணு முன்னாடியே கால் உப்பிக்கிட்டு வரும்.

அடுத்த சில மணி நேரத்துல ரத்தத்துல இருந்து நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணு கூட்டம் கூட்டமா எறங்கும். ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு மேக்ரோஃபேஜ் தலைதூக்கும், செத்த செல்லு, கிழிஞ்ச நார் எல்லாத்தையும் முழுங்கி சுத்தம் பண்றது இது தான். இதுங்க வேலை செய்யற நேரத்துல டி.என்.எஃப்., இன்டர்லூகின் 1 பீட்டா, இன்டர்லூகின் 6, நரம்பு வளர்ச்சி காரணி, புரோஸ்டாகிளாண்டின்னு பல ரசாயனத்தையும் விடும், இது ஒவ்வொண்ணுக்கும் வலி நரம்போட நுனியில ஒட்டறதுக்குன்னே எடம் இருக்கு. ஒட்டின உடனே நரம்பு உசுப்பேறிடும்.

இதுல இன்னொண்ணு, நரம்பும் சும்மா வாங்கிக்கிட்டு இருக்காது. வலி நரம்பு நுனியில இருந்தே சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி.ன்னு ரெண்டு பொருள் வெளிய வந்து ரத்தக்குழாயை விரிய வைக்கும், மாஸ்ட் செல்லை மறுபடி தூண்டி விடும். செல்லு நரம்பை தூண்டுது, நரம்பு செல்லை தூண்டுது. நல்லபடியா போனா இந்த சுத்து சில நாள்ல தானா அடங்கிடும், அடங்காம போறவங்க தான் என்கிட்ட வர்றாங்க.

பிசகின எடத்துல வெந்நீர் பட்டாக்கூட எரியுது, போர்வை பட்டாக்கூட வலிக்குதே?

நரம்பு நுனியில டி.ஆர்.பி.வி.1னு ஒரு புரதம் இருக்கு, சாதாரணமா 43 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு போனா தான் அது தெறக்கும். மிளகாய் கடிச்சா எரியறதும் இதே புரதத்தால தான், 1997-ல டேவிட் ஜூலியஸ் டீம் கண்டுபிடிச்சது. தொடு உணர்ச்சிக்கான புரதத்தை கண்டுபிடிச்ச ஆர்டெம் படபூட்டியனோட சேர்த்து 2021-ல அவருக்கு நோபல் குடுத்தாங்க. புரோஸ்டாகிளாண்டினும் நரம்பு வளர்ச்சி காரணியும் மேல பட்டா இந்த புரதம் ரொம்ப கம்மி சூட்டுலயே தெறக்க ஆரம்பிச்சிடும், கிட்டத்தட்ட ஒடம்பு சூடே போதும்ங்கற அளவுக்கு. ஊர்ல ஒரு தடவை திருடன் வந்துட்டு போயிட்டான்னா அப்புறம் புளியமரத்து இலை விழுந்தாக்கூட நாய் குரைக்கும் இல்ல, அந்த மாதிரி தான். நாய் மேல தப்பு இல்ல, ஆனா தூங்க விடாது.

சீழ் கட்டி வலிக்கறதும் இம்யூன் செல்லால தானா?

முழுசா இல்ல. ரொம்ப நாளா அப்படி தான் நெனச்சிட்டு இருந்தாங்க, 2013-ல ஐசக் சியூ, கிளிஃபோர்ட் வுல்ஃப் டீம் எலியில காட்டினது, ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி நேராவே வலி நரம்பை தூண்டுது, நியூட்ரோஃபில் வராம தடுத்தாக்கூட வலி வருது. அதனால எல்லா வலியையும் வெள்ளை அணு மேல போட்டுட முடியாது.

வீக்கம் வந்த உடனே அதை அமுக்கிடறது தானே நல்லது? நான் அன்னைக்கே டைக்ளோஃபெனாக் போட்டுடுவேன்.

நிறைய பேர் இப்படி தான் பண்றாங்க, நானும் தப்புன்னு ஒரேடியா சொல்ல மாட்டேன், ஏன்னா தாங்க முடியாத வலியோட யாரும் உக்காந்திருக்க முடியாது. ஆனா 2022 மே மாசம் கனடா மெக்கில் யுனிவர்சிட்டி டீம் வெளியிட்ட ஆராய்ச்சியை இதோட சேர்த்து பாக்கணும். புதுசா இடுப்பு வலி வந்த 98 பேரோட ரத்தத்தை எடுத்து, எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பார்த்துட்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்த்தாங்க. வலி சரியா போனவங்க ரத்தத்துல ஆரம்பத்துல நியூட்ரோஃபில் சம்பந்தப்பட்ட ஜீன்கள் நல்லா சூடா வேலை செஞ்சு அப்புறம் அடங்கியிருக்கு, வலி போகாதவங்க ரத்தத்துல அந்த மாற்றமே பெருசா இல்ல. அதாவது அழற்சி அதிகமானவங்களுக்கு வலி நின்னுச்சு, நான் முதல்ல படிச்சப்போ தலைகீழா இருக்கேன்னு திரும்ப படிச்சேன்.

அப்புறம் எலியில டைக்ளோஃபெனாக்கும் டெக்சாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டும் குடுத்து பார்த்தாங்க, அப்போதைக்கு வலி குறைஞ்சுது, ஆனா மொத்தமா ரொம்ப நாள் இழுத்துச்சு. அழற்சியை தொடாத வலி மருந்து குடுத்த எலிங்களுக்கு அப்படி இழுக்கல. நியூட்ரோஃபில்லை எடுத்துட்டா வலி நீளுது, திரும்ப ஊசியில ஏத்தினா காப்பாத்துது. இங்கிலாந்துல 5 லட்சம் பேர் விவரம் இருக்கற யுகே பயோபேங்க்ல பார்த்தப்பவும் அழற்சி மாத்திரை, அதாவது டைக்ளோஃபெனாக் மாதிரி அழற்சியை அமுக்கற மாத்திரை எடுத்தவங்களுக்கு வலி நீடிக்கற வாய்ப்பு கூடவே இருந்துச்சு.

இப்போ இதை வெச்சு "அய்யோ டைக்ளோ போட்டதால தான் எனக்கு வலி போகல"ன்னு முடிவு கட்டிடாதீங்க. மனுஷங்கள்ல பாதி பேருக்கு குடுத்து பாதி பேருக்கு குடுக்காம பார்த்த சோதனை இல்ல இது, வலி அதிகமா இருந்தவங்க தான் மாத்திரையும் அதிகமா போட்டிருக்கலாம். என் கருத்தா கேட்டா, சாதாரண பிசகுக்கு முதல் ஓரிரு நாள் பாரசிட்டமாலே போதுமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

மெடிக்கல்ல "ஒரு செட்டு" மாத்திரை வாங்கி போட்டா உடனே கேக்குது, அதுல என்ன தான் இருக்கு?

சின்ன கவர்ல நாலஞ்சு கலர்ல பேர் இல்லாம குடுக்கறாங்களே அதுவா? என்ன இருக்குன்னு வாங்கறவங்களுக்கு தெரியாது, அது தான் பிரச்சினையே. பொதுவா ஒரு அழற்சி மாத்திரை இருக்கும், கூட ஒரு ஸ்டீராய்டு இருந்தா தான் அந்த மாதிரி மந்திரம் போட்ட மாதிரி வலி பறக்கும்.

அழற்சி மாத்திரைங்க, அதாவது டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எல்லாம் புரோஸ்டாகிளாண்டின் உண்டாகறதை தடுக்குது. ஆஸ்பிரின் இப்படி தான் வேலை செய்யுதுன்னு ஜான் வேன் 1971-ல காட்டினார், 1982-ல நோபல் வாங்கினார். அதே புரோஸ்டாகிளாண்டின் தான் இரைப்பை சுவரையும் கிட்னிக்கு போற ரத்த ஓட்டத்தையும் காப்பாத்துது, அதனால மாசக்கணக்கா போட்டா வயித்துல புண், ரத்தக்கசிவு, கிட்னி பாதிப்பு வரலாம், பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க, வெயில்ல வேலை செஞ்சு தண்ணி குடிக்காதவங்களுக்கு இன்னும் மோசம். (மாட்டுக்கு போட்ட டைக்ளோஃபெனாக் தான் அந்த மாட்டை தின்ன பிணந்தின்னி கழுகுங்களோட கிட்னியை கெடுத்து கூட்டம் கூட்டமா கொன்னுச்சு, கால்நடைக்கு அதை 2006-ல நிறுத்தினாங்க.)

ஸ்டீராய்டு இன்னும் பரவலா வேலை செய்யும், இம்யூன் செல்லோட பல வேலைங்களை ஒரே நேரத்துல அமுக்கிடும். சரியான நோய்க்கு சரியான அளவுல அது உயிர் காக்கற மருந்து, அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா தெரியாமலே மாசக்கணக்கா போட்டா சர்க்கரை ஏறும், முகம் உப்பும், எலும்பு மெலியும், திடீர்னு நிறுத்தினா ஒடம்பு சுயமா சுரக்கறது நின்னு போயிருக்கறதால மயக்கம் போட்டு விழற அளவுக்கு போகும். ரொம்ப நாளா செட்டு மாத்திரை போடறவங்க தானா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லி படிப்படியா குறைக்கணும்.

டிஸ்க் விலகிடுச்சுன்னு எம்.ஆர்.ஐ.ல வந்திருக்கு. நரம்பு நசுங்குறதால தானே கால் வரைக்கும் இழுக்குது, இதுல செல்லு எங்க வந்துச்சு?

ஓசூர் கம்பெனியில லைன்ல நிக்கறவங்க, லாரி ஓட்டறவங்க அதிகமா கேக்கறது இது. நசுங்கறது பாதி கதை தான். டிஸ்க்குக்கு உள்ள இருக்கற ஜெல்லி மாதிரி பொருளுக்கு ரத்த ஓட்டம் கெடையாது, அதனால நம்ம இம்யூன் செல்லுங்க அதை பார்த்ததே இல்ல. அது கிழிஞ்சு வெளிய வந்த உடனே அன்னியன்னு நெனச்சு மேக்ரோஃபேஜ் பாய்ஞ்சு வருது, டி.என்.எஃப். கொட்டுது, பக்கத்துல இருக்கற நரம்பு வேர் வீங்கி எரியுது. அதனால தான் ஸ்கேன்ல பெருசா விலகியிருந்தும் சில பேர் நல்லா நடக்கறாங்க, கொஞ்சமா விலகினவங்க துடிக்கறாங்க.

ஆனா நல்ல சேதியும் அதே செல்லுகிட்ட இருந்து தான் வருது. வெளிய வந்த துண்டை மேக்ரோஃபேஜ் கொஞ்சம் கொஞ்சமா தின்னு கரைச்சிடும். பெருசா பிதுங்கி தனியா வந்த துண்டு தான் சுருங்கறதுக்கு வாய்ப்பு அதிகம், கேட்டா நம்ப மாட்டாங்க. பல பேருக்கு சில மாசத்துல ஆபரேஷன் இல்லாமலே சரியாகறதுக்கு இது ஒரு காரணம். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து பயந்துக்காதீங்க, ஆனா ஒண்ணுக்கு போக முடியல, உக்கார்ற எடம் மரத்து போச்சு, கால் பாதம் தூக்க வரலைன்னா ஒரு நாள் கூட தள்ளக்கூடாது.

புளி தட்டுற சீசன்ல கை வலி, அம்மாவுக்கு இப்போ சீசன் முடிஞ்சும் போகல. இது வேலை வலியா, வாதமா?

நம்ம பக்கம் தை மாசத்துல இருந்து வீட்டு திண்ணையில எல்லாம் இதே காட்சி தான், கால் நடுவுல கல்லை வெச்சுக்கிட்டு சின்ன சுத்தியல்ல ஓட்டை தட்டி, நார் இழுத்து, கொட்டையை நோண்டி எடுத்துக்கிட்டே இருப்பாங்க, நாள் முழுக்க கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஓயாது. அந்த வேலையால வர்ற வலி பெரும்பாலும் கட்டை விரல் அடிப்பக்கமோ மணிக்கட்டோ தான் இருக்கும், வேலை செஞ்சா கூடும், ரெண்டு மூணு வாரம் ஓய்வு குடுத்தா குறையும்.

முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு, வேற மாதிரி. காலையில எழுந்தா ஒரு மணி நேரம் கை மடக்க வராது, டம்ளர் புடிக்க முடியாது, அப்புறம் வேலை செய்ய செய்ய இளகும். ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி, விரல் அடி முட்டியும் நடு முட்டியும் வீங்கும், நகத்துக்கிட்ட இருக்கற கடைசி முட்டியை பொதுவா விட்டுடும். ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். இதுல டி செல், பி செல்ங்கற வெள்ளை அணுங்க, மேக்ரோஃபேஜ் எல்லாம் மூட்டு சவ்வுலயே குடியேறி அங்கேயே பெருகி, குருத்தெலும்பை அரிச்சுக்கிட்டே இருக்கும்.

வலியில இம்யூன் செல்லுக்கு எவ்வளவு பங்குன்னு காட்டற ஒரு விஷயம் இங்க இருக்கு. 2011-ல ஜெர்மனியில ருமட்டாய்டு நோயாளிங்களுக்கு டி.என்.எஃப்.ஐ தடுக்கற ஊசி போட்டு மூளையை ஸ்கேன் பண்ணினாங்க. 24 மணி நேரத்துக்குள்ள மூளையில வலி சம்பந்தமான எடங்கள் அடங்கிடுச்சு, மூட்டு வீக்கம் அப்போ இன்னும் வத்தவே ஆரம்பிக்கல. வீக்கம் வேற, வலி வேறன்னு இதுக்கு மேல தெளிவா காட்ட முடியாது.

ஆனா அந்த ஊசி எல்லாம் செலவு ஜாஸ்தி, முதல்ல குடுக்கறது மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தான். இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடறது, தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து, வீட்ல பெரியவங்களுக்கு மாத்திரை எடுத்து குடுக்கற பிள்ளைங்க எந்த கிழமைன்னு காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிடுங்க.

சிக்குன்குனியா வந்து ஜுரம் போயி மாசக்கணக்கு ஆச்சு, கணுக்காலும் மணிக்கட்டும் இன்னும் விடல. வைரஸ் உள்ளயே இருக்கா?

2006-ல அது திரும்ப வந்தப்போ இந்தியாவுல சுமார் 14 லட்சம் சந்தேக கேஸ் பதிவாச்சு, அப்போ தமிழ்நாட்டுலயும் ஊர் ஊரா குனிஞ்சுக்கிட்டே நடந்தவங்களை பார்த்தவங்க மறக்க மாட்டாங்க. ரத்தத்துல இருந்து வைரஸ் ஒரு வாரம் பத்து நாள்ல போயிடும். ஆனா மூட்டு சவ்வுல இருக்கற மேக்ரோஃபேஜ்ல வைரஸோட மிச்சம் மீதி ரொம்ப நாள் தங்கும்னு குரங்கு ஆராய்ச்சியில எல்லாம் பார்த்திருக்காங்க, அதை தொரத்தறதுக்காக வந்த டி செல்லும் சேர்ந்து அங்க அழற்சி ஓடிக்கிட்டே இருக்கும். பெரும்பாலானவங்களுக்கு மெதுவா குறையும், சிலருக்கு வருஷக்கணக்கா இழுக்கும், மூணு மாசம் தாண்டியும் வீக்கம் இருந்தா மூட்டு டாக்டரை பாருங்க. ஜுரம் அடிக்கற நாள்ல மட்டும் டெங்கு இல்லைன்னு தெரியற வரைக்கும் பாரசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து இருக்கு.

ராத்திரி நல்லா தூங்கினவரு நடுராத்திரி கால் கட்டை விரல் புடிச்சுக்கிட்டு கத்தறாரு, யூரிக் ஆசிட்ங்கறாங்க?

கவுட் தான் அது, பெரும்பாலும். யூரிக் ஆசிட் மூட்டுக்குள்ள ஊசி ஊசியா படிகமா மாறியிருக்கும், ஆனா படிகம் குத்தறதால வலி இல்லைங்க. மேக்ரோஃபேஜ் அதை முழுங்கிட்டு செரிக்க முடியாம, உள்ள இருக்கற என்.எல்.ஆர்.பி.3ங்கற புரதக்கூட்டை முடுக்கி விடும், அது இன்டர்லூகின் 1 பீட்டாவை வெளிய அனுப்பும், உடனே நியூட்ரோஃபில் வெள்ளமா வரும். பல வருஷம் படிகம் சத்தமில்லாம இருந்துட்டு ஒரே ராத்திரியில இப்படி ஆகும். ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா அடங்கவும் செய்யும். வலி இருக்கற நாள்ல டெஸ்ட் பண்ணினா யூரிக் ஆசிட் நார்மல்னு வரலாம், அதை நம்பி கவுட் இல்லைன்னு விட்டுடாதீங்க.

எங்க ஊர் போர் தண்ணி ஃப்ளோரைடு தண்ணி. முட்டி வலி, முதுகு வலிக்கு அதுவும் இம்யூன் செல்லு தானா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் இந்த கேள்வி உண்டு. இங்க பாறைக்கு அடியில இருக்கற தண்ணியில பல ஊர்ல ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்ங்கற அளவை தாண்டி இருக்கு, அதுக்காகவே ஜப்பான் கடன்ல போட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் 2013-ல தொடங்கிச்சு. பல வருஷம் அந்த தண்ணி குடிச்சவங்களுக்கு எலும்பு கெட்டியாகி, தசைநார் எல்லாம் சுண்ணாம்பு படிஞ்சு முதுகு வளையாது. இது முக்கியமா எலும்பு நோய், இம்யூன் செல்லு இதுல முதல் ஆள் இல்ல, அழற்சி மாத்திரை போட்டு இதை மாத்தவும் முடியாது. சின்ன வயசுல இருந்து இங்கேயே வளர்ந்து பல்லுல பழுப்பு கறை இருந்தா டாக்டர்கிட்ட அதையும் சொல்லுங்க, எக்ஸ்ரே பார்ப்பாங்க. குடிக்கவும் சமைக்கவும் குழாய் தண்ணி, மத்ததுக்கு போர் தண்ணின்னு பிரிச்சுக்கோங்க.

அப்பாவுக்கு அக்கி வந்துச்சு, எழுதினோம், புண்ணு ஆறிடுச்சு. ஆனா சட்டை பட்டாக்கூட துடிக்கறாரு, ஏன்?

காவி கரைச்சு சிங்கம் எழுதறதை நான் குத்தம் சொல்லப் போறதில்ல, மனசுக்கு தெம்பா இருக்கும். ஆனா கொப்புளம் கெளம்பின 72 மணி நேரத்துக்குள்ள அசைக்ளோவிர் மாதிரி வைரஸ் மாத்திரை ஆரம்பிச்சா தான் முழு பலன், எழுதறதுக்கு நாள் பார்த்து காத்திருந்தா அந்த நேரம் போயிடுது. ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணுங்க.

சின்ன வயசுல வந்த சின்னம்மை வைரஸ் முதுகுத்தண்டு பக்கத்துல நரம்பு முடிச்சுக்குள்ள பல வருஷம் ஒளிஞ்சிருந்துட்டு, வயசாகி டி செல் பலம் குறைஞ்சதும் எழுந்துக்கும். முடிச்சுலயே அழற்சி வந்து நரம்பு சேதமாகும். தோல் ஆறின பிறகும் சேதமான நரம்பு தண்டுவடத்துக்கு தப்பு தப்பா சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும், மூணு மாசம் தாண்டினா இதை அக்கிக்கு பின் வர்ற நரம்பு வலின்னு சொல்றாங்க.

நரம்பு அடிபட்டா தண்டுவடத்துக்குள்ள என்ன ஆகும்னு எலியில நல்லா பார்த்திருக்காங்க, அக்கி வலியிலயும் இதுக்கு பங்கு இருக்கும்னு நம்பறாங்க. அங்க இருக்கற இம்யூன் செல்லுக்கு பேர் மைக்ரோகிளியா, 1919-ல ஸ்பெயின்ல பியோ டெல் ரியோ ஓர்டேகா தனியா அடையாளம் கண்டது. நரம்பு அடிபட்டா இந்த செல்லு உருவமே மாறி பெருகும். அதோட மேல்பக்கம் பி2எக்ஸ்4னு ஒரு ஏற்பி அதிகமாகும், அதை தடுத்தா எலிக்கு வலி குறையுதுன்னு 2003-ல ஜப்பான் டீம் காட்டிச்சு. 2005-ல கனடா டீம் அடுத்த கட்டத்தை காட்டிச்சு: மைக்ரோகிளியா பி.டி.என்.எஃப்.ங்கற பொருளை விடுது, அதனால தண்டுவடத்துல வலியை அடக்கி வைக்கற சேதி தன் வேலையை செய்யாம போயிடுது. அப்போ வெறும் தொடுதலே வலியா ஏறும். இந்த கட்டத்துல டைக்ளோஃபெனாக் போட்டு பிரயோஜனம் ரொம்ப கம்மி, அதனால தான் டாக்டர் பிரீகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின்னு வேற வகை மாத்திரை எழுதறாங்க. "வலிக்கு போனா மனநல மாத்திரை குடுக்கறாங்க"ன்னு கோவப்பட்டு தூக்கி போட்டவங்க உண்டு, அமிட்ரிப்டிலின் நரம்பு வலிக்கும் தான்.

அக்கி வராம தடுக்க ஷிங்க்ரிக்ஸ்னு தடுப்பூசி 2023-ல இந்தியாவுக்கும் வந்துச்சு, 50 வயசுக்கு மேல ரெண்டு டோஸ், விலை தான் நம்ம ஆளுங்களுக்கு எட்டாது.

ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் வலி ஒரே மாதிரி தானா?

இதை 2015 வரைக்கும் சரியா பார்க்கவே இல்லைங்கறது தான் கொடுமை. ஏன்னா வலி ஆராய்ச்சியில பெரும்பாலும் ஆண் எலியை தான் வெச்சு பார்த்தாங்க. அந்த வருஷம் வந்த ஆராய்ச்சியில ஆண் எலிக்கு மைக்ரோகிளியாவை தடுத்தா வலி குறைஞ்சுது, பெண் எலிக்கு ஒண்ணும் ஆகல. பெண் எலிங்க அதே வலிக்கு டி செல்லை பயன்படுத்துது போலன்னு முடிவுக்கு வந்தாங்க. மனுஷங்களுக்கு அப்படியே பொருந்துமான்னு இன்னும் முடிவாகல, ஆனா ஒருத்தருக்கு கேட்ட மருந்து வீட்டுக்காரம்மாவுக்கு கேக்கலைன்னா "அவளுக்கு சும்மா"ன்னு சொல்ற வேலை வேண்டாம்.

அழற்சி இருக்கான்னு ரத்தத்துல பார்க்கற ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. டெஸ்ட் எல்லாம் நார்மல். அப்போ வலி பொய்யா?

இல்லவே இல்ல. சி.ஆர்.பி. கல்லீரல்ல உண்டாகறது, இன்டர்லூகின் 6 ரத்தத்துல நெறைய இருந்தா ஏறும். நரம்பு முடிச்சுலயும் தண்டுவடத்துலயும் நடக்கற சின்ன சண்டை அதுல தெரியவே தெரியாது. 2015-ல அமெரிக்காவுல நாள்பட்ட இடுப்பு வலிக்காரங்க மூளையை விசேஷ ஸ்கேன்ல பார்த்தப்போ தலாமஸ்ங்கற எடத்துல கிளியா செல் (மைக்ரோகிளியாவும் இதுல ஒரு வகை) உசுப்பேறின அடையாளம் இருந்துச்சு. 2021-ல இங்கிலாந்து, ஸ்வீடன் டீம் சேர்ந்து, ஒடம்பெல்லாம் வலிக்கற ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிங்க ரத்தத்துல இருந்து ஆன்டிபாடியை பிரிச்சு எலிக்கு ஏத்தினாங்க, எலிக்கும் அழுத்தமும் குளிரும் தாங்காம போச்சு. நல்லா இருக்கறவங்க ஆன்டிபாடி ஏத்தின எலிக்கு ஒண்ணும் ஆகல. மாமியார், மருமக, டாக்டர் எல்லாரும் "நடிப்பு"ன்னு ஒதுக்கின ஒரு நோய்க்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க.

இம்யூனிட்டி பவுடர் குடிச்சா வலி குறையுமா?

குறையாது. இவ்வளவு நேரம் படிச்சீங்களே, முடக்குவாதத்துல இம்யூன் செல்லுக்கு பலம் பத்தாம இல்ல, வேலை தப்பா நடக்குது. சத்து வேணும்னா ராகி களியும் கீரையும் போதும்.

வலியை குறைக்கற இம்யூன் செல்லு இருக்குன்னீங்களே, அதை நாம தூண்ட முடியுமா?

வீங்கின எடத்துக்கு வர்ற இம்யூன் செல்லுக்குள்ள எண்டார்ஃபின் மாதிரி ஒடம்பே தயாரிக்கற வலிக்கொல்லி இருக்குன்னு ஜெர்மனியில கிறிஸ்டோஃப் ஸ்டைன் 1990 வாக்குலயே காட்டினார். 2022-ல நெதர்லாந்து டீம் இன்னும் விசித்திரமா ஒண்ணு பார்த்தாங்க, எலியில அழற்சி வலி அடங்கற நேரத்துல மேக்ரோஃபேஜ் நரம்பு முடிச்சுக்கு போயி செல்லுக்கு சக்தி தர்ற தன்னோட மைட்டோகாண்ட்ரியாவையே நரம்பு செல்லுக்கு குடுக்குது. சக்தி தீர்ந்து போன நரம்புக்கு அது தேவைப்படுது, குடுக்க விடாம தடுத்தா வலி அடங்கவே மாட்டேங்குது.

மாத்திரையில இதை செய்ய இன்னும் வழி வரல. கையில இருக்கறது ஒடம்பை அசைக்கறது தான். தெனமும் ஓடின எலியோட தசையில இன்டர்லூகின் 10 விடற, சமாதானப்படுத்தற வகை மேக்ரோஃபேஜ் கூடுது. அதனால நான் குடுக்கற நடையும் பயிற்சியும் சும்மா காசுக்கு இல்லைங்க. கிளினிக்குக்கு வர முடியாத பெரியவங்க இருந்தா மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே பிசியோ வருவாங்க, அந்த திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்கு நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தான் தொடங்கிச்சு, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. ஐஸ் வெச்சா மரத்து போகும், அவ்வளவு தான், தப்பில்ல. புதுசா வீங்கின எடத்துல எண்ணெய் போட்டு அழுத்தி உருவறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் புது மருந்து வரல?

வந்துச்சு, நிக்கல. நரம்பு வளர்ச்சி காரணியை தடுக்கற டானெசுமாப்ங்கற ஊசி முட்டி தேய்மானத்துக்கு நல்லா தான் வேலை செஞ்சுது, ஆனா சிலருக்கு மூட்டு வேகமா அழிஞ்சு போச்சு. 2021-ல அமெரிக்காவுல நிபுணர் குழு 19-க்கு 1 ஓட்டுல வேண்டாம்னுச்சு, கம்பெனியும் கைவிட்டுடுச்சு. கிளியா செல்லை அமுக்கற புரோபென்டோஃபிலின் எலிக்கு கேட்டுச்சு, அக்கி வலி இருந்த மனுஷங்களுக்கு கேக்கல. ஒரே செல்லு கெடுக்கவும் செய்யுது, சரி பண்ணவும் செய்யுதுன்னா எப்போ தடுக்கணும்ங்கறது தான் கஷ்டம், எதை தடுக்கணும்ங்கறது ஓரளவு தெரிஞ்சு போச்சு.

எந்த வலிக்கு காத்திருக்காம ஓடணும்?

ஒரே ஒரு மூட்டு திடீர்னு வீங்கி, தொட முடியாம சுட்டு, கூட குளிர் ஜுரமும் இருந்தா அது கவுட்டா கிருமியான்னு வீட்ல உக்காந்து கண்டுபிடிக்க முடியாது, கிருமியா இருந்தா சில நாள்லயே மூட்டை அரிச்சிடும். அன்னைக்கே தர்மபுரி, கிருஷ்ணகிரி எது பக்கமோ அந்த மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போங்க. மூட்டுக்குள்ள ஊசி போட்டு நீர் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க, போறதுக்கு முன்னாடி மெடிக்கல்ல ரெண்டு ஆன்டிபயாட்டிக் வாங்கி போட்டுக்கிட்டு போகாதீங்க, அப்புறம் எந்த கிருமின்னு அந்த நீர்ல தெரியாமலே போயிடும்.